வியாழக்கிழமை ஊசி

தம்பி ரொறன்ரோவில் இருந்து வந்தபோது எனக்கென்று கொண்டுவந்த சாமான்களுக்குள் ஒரு ஊசிப்பேனையும் இருந்தது. "அக்கா, இது ஒசெம்பிக். நான் ஒரு வருசமாய்க் குத்துறன். கிழமைக்கு ஒருக்கால்தான். நீங்களும் குத்திப் பாருங்கோ, உடம்பு வத்தும்" என்றான். பாசத்தில் கொண்டுவந்த சாமான். தன்னுடைய மருந்தில் ஒன்றை மிச்சம் பிடித்து எனக்காக வைத்திருந்திருக்கிறான்.

அப்போது எனக்கு 49 வயது. 158 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 92 கிலோ. சீனி வருத்தம் ஏழு வருடமாக, பிரசரும் கூட. கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். மேல்மாடி வகுப்புக்கு ஏறினால் பாடத்தைத் தொடங்க முன்னர் கதிரையில் ஐந்து நிமிடம் இருக்கவேண்டும் என்ற நிலையில் இருந்தேன். அன்று இரவே குத்தியிருப்பேன். பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து வாசித்ததால்தான் நிறுத்தினேன்.

தாளில் 0.25 மில்லிகிராமில் தொடங்கவேண்டும் என்று இருந்தது. தம்பி தந்த பேனையைத் திருகினால் 1 மில்லிகிராம்தான் வரும். அது அவன் படிப்படியாக ஏறி வந்து நிற்கும் அளவு. முதல் நாளே நான் நாலு மடங்கு போட்டிருப்பேன். இன்னொன்றையும் கவனித்தேன். அவன் கொண்டுவந்த சொக்லேட் எல்லாம் உருகி உறையோடு ஒட்டிப் போயிருந்தது. திறக்காத பேனை 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும் என்கிறது தாள். சொக்லேட் உருகிய அதே பெட்டிக்குள்தான் மருந்தும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வான் வண்டியில் வந்து சேர்ந்தது.

சரி, கேட்டுவிட்டே செய்வோம் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோர்மோன் டொக்டரிடம் சனல் பண்ணி நேரம் எடுத்தேன். அவர் ஊசியைப் பற்றிப் பேசத் தொடங்க முன்னர் என்னைப் பற்றித்தான் நிறையக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது தைரொயிட் புற்றுநோய் வந்ததா? மெடுல்லரி என்ற வகை இருந்தால் இந்த ஊசியே கூடாதாம். கணையத்தில் அழற்சி வந்ததா, பித்தப்பையில் கல் இருக்கிறதா, என்னென்ன குளிசை குடிக்கிறேன், பிள்ளை பெறும் யோசனை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். கடைசியாகக் கண். "ரீச்சர், கண்ணைக் காட்டிப்போட்டு வாங்கோ. சீனி கெதியாய் இறங்கேக்கை, ஏற்கெனவே பழுதான விழித்திரை இன்னும் பழுதாகலாம்" என்றார். கண்ணுக்குக் காட்டி, கடிதத்தோடு திரும்பிப் போன பிறகுதான் மருந்துத் துண்டு எழுதித் தந்தார். தம்பியின் பேனையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எழுதினது தம்பிக்கு" என்றார். அது பாவிக்கப்படாமலே போனது. மனம் நொந்ததுதான், ஆனால் அது சரியான முடிவு.

எங்கள் அரசாங்கக் கிளினிக்கில் இந்த மருந்து தருவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசியில் முன்கூட்டியே சொல்லிவைத்து, துண்டைக் காட்டி, காசு கட்டித்தான் எடுக்கிறேன். சம்பளத்தில் பெரிய பங்கு இதற்குப் போகிறது. தொடங்க முன்னர் இதைக் கணக்குப் பார்க்கவேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒசெம்பிக்கில் இருக்கும் மருந்தின் பெயர் செமகுளூரைட். சாப்பிட்டபின் எங்கள் குடலே சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனைப் போல அது வேலை செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மூளைக்குப் "போதும்" என்ற செய்தி போகிறது. உடம்பில் இருந்து பாதி மருந்து வெளியேறவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். அதனால்தான் கிழமைக்கு ஒன்று. அதனால்தான் அளவு கூடிப்போனால் ஒரு நாளில் தீராமல் நாள்கணக்கில் வாட்டும். முதல் 4 கிழமை 0.25, பிறகு 0.5, அதற்குப் பிறகுதான் 1. முதல் மாதம் எடை குறையவில்லையே என்று பலர் பதறி அளவைக் கூட்டுகிறார்கள். அந்த மாதம் மெலிவதற்கான மாதம் இல்லை, வயிறு பழகுவதற்கான மாதம்.

நான் வியாழக்கிழமையைத் தெரிந்தெடுத்தேன். வயிற்றுப் பிரட்டல் குத்திய அடுத்த இரண்டு நாளில்தான் கூட. வெள்ளி ஒரு நாளைச் சமாளித்தால் சனி, ஞாயிறு வீட்டில் இருக்கலாம்.

இனி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஊசி போடுவதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கிளினிக்கில் சொல்லவில்லை, பாடசாலையில் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. வெட்கம். வன்னியில் இருக்கிறவர்களுக்கு இந்த வெட்கம் விளங்கும். 2009 இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் ஒரு சிரட்டை கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான் அந்தக் கஞ்சி. பிறகு மெனிக் பாம் முகாமில் கூடாரம். ஊருக்குத் திரும்பி, முதல் போகம் வெட்டி, வீட்டு அரிசியில் சோறு பொங்கிய நாளில் இருந்து அம்மா கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் விடச் சம்மதித்ததில்லை. நானும் விட்டதில்லை. பிள்ளைகள் விட்ட சோற்றையும் நான்தான் சாப்பிட்டு முடிப்பேன். என் உடம்பு அப்படித்தான் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில், பசிக்காமல் இருக்க ஊசி போடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

யாழ்ப்பாணத்து டொக்டர் முதல் நாளே, நான் சீனிக்குக் குடிக்கும் கிளிக்லசைட் குளிசையைப் பாதியாக்கச் சொல்லித் துண்டில் எழுதியிருந்தார். செமகுளூரைட் தனியே சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோடோ இன்சுலினோடோ சேரும்போதுதான் இறக்கும். ஆனால் மாதா மாதம் கிளிநொச்சியில் தந்த குளிசைப் பக்கற்றில் பழைய அளவுதான் இருந்தது. அங்கே ஒருவருக்கும் நான் ஊசியைச் சொல்லவில்லையே. இரண்டு மாதம் பாதியாக்கித்தான் குடித்தேன். பிறகு கவனம் தளர்ந்தது, பக்கற்றில் எழுதியிருந்தபடி முழுதாகக் குடித்தேன்.

கந்தசஷ்டி வந்தது. வருடா வருடம் பிடிக்கிற விரதம், ஒரு நேரச் சாப்பாடு. மூன்றாம் நாள் காலை, ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கிறேன். எழுத்து நேரே போகாமல் கீழே கீழே சரிந்துகொண்டு போனது. சோக்கைப் பிடிக்க விரலில் பலமில்லை. முதுகெல்லாம் வேர்வை. முன் வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "ரீச்சர், உங்கட கை நடுங்குது" என்றாள். நான் "ஒண்டுமில்லை, இரு" என்றேனாம். அது எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பக்கத்து வகுப்பு விஞ்ஞான ரீச்சரைக் கூட்டி வந்தார்கள். அவருக்கும் சீனி, கைப்பையில் பார்க்கும் மெசின் இருந்தது. குத்திப் பார்த்தார். 54. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவுதான்.

மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது 78. அதன்பிறகு இரண்டு துண்டு பாண். ஆசிரியர் அறை வாங்கில் படுத்திருந்தபோது விஞ்ஞான ரீச்சர், "என்ன மருந்து எடுக்கிறீங்கள், உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். அவருக்குத்தான் முதன்முதலில் சொன்னேன்.

அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் நம்பரோடு இருந்து, முறை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன், விழவில்லை. டொக்டர் கிளிக்லசைட்டை முற்றாக நிறுத்தினார். தாதி மிஸ் என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் மருந்தின் பெயர், அளவு, "வியாழன்" மூன்றையும் எழுதினார். எழுதிவிட்டு, "நாளைக்கு நீங்கள் மயங்கி வந்தால் இந்தப் பக்கத்தைத்தான் நாங்கள் பார்ப்பம்" என்றார். சத்திரசிகிச்சையோ, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எதுவோ வந்தாலும் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்றார். வழமைபோல வெறும் வயிற்றோடு போனாலும், இந்த மருந்து எடுப்பவரின் இரைப்பையில் சாப்பாடு மிச்சம் இருக்கலாம். மயக்கத்தில் அது சுவாசக் குழாய்க்குள் போகலாம்.

தயவுசெய்து உங்கள் கொப்பியிலும் எழுதுவியுங்கள். காசு கொடுத்து வெளியில் எடுக்கிற மருந்து என்பதற்காக மறைக்கவேண்டாம்.

விரதம்? அந்த வருடம் அத்தோடு விட்டேன். முருகன் கோவிப்பதில்லை என்று அம்மாவே பிறகு சொன்னார்.

அம்மாவுக்குத் தெரியவந்த கதை வேறு. பேனையை ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டுப் பிரிட்ஜின் நடுத்தட்டில், மோர்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மறைக்க மட்டும் இல்லை. எங்கள் பிரிட்ஜ் சின்னது, மேலே ஐஸ் கட்டும் பகுதிக்குக் கிட்ட வைத்தால் மருந்து உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த பேனையை உருக்கிப் பாவிக்கக்கூடாது, எறியத்தான் வேண்டும். கதவில் வைத்தால் திறந்து மூட வெக்கை அடிக்கும். நடுத்தட்டுத்தான் சரி. மோர் எடுக்கப்போன அம்மா பெட்டியைத் திறந்துவிட்டார்.

"என்ன பிள்ளை இது?"

சொன்னேன். அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு, "பசியைக் கண்ட சனம். பசிக்காமல் இருக்கக் காசு குடுத்து ஊசி போடுறியோ?" என்றார்.

சித்தியின் காலைத்தான் அம்மாவுக்கு நினைவூட்டினேன். எங்கள் ஊரில் கால் இல்லாதவர்களைப் பார்த்தால் செல், மிதிவெடி என்றுதான் எவரும் நினைப்பார்கள். சித்தி செல்லுக்குத் தப்பி வந்தவர். அவருடைய கால் சீனியால் போனது, பெருவிரலில் பட்ட சின்னக் காயத்தில் தொடங்கி. "எனக்கும் அந்த வருத்தம்தானே அம்மா" என்றேன். அம்மா பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமை கரண்ட் போனபோது, "பிரிட்ஜைத் திறவாதையுங்கோ, பெரியம்மாவின்ர மருந்து கிடக்கு" என்று என் தங்கையின் பிள்ளைகளைத் தடுத்தது அவர்தான்.

வெக்கையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பாவிக்கத் தொடங்கிய பேனையைக் குறிப்பிட்ட கிழமைகளுக்கு 30 பாகைக்குள் வெளியிலும் வைக்கலாம் என்று தாளில் இருக்கும். எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள்ளேயே அதைவிடக் கூட. அதனால் திறந்த பேனையையும் பிரிட்ஜிலேயே வைக்கிறேன், திறந்த திகதியைப் பிளாஸ்ரரில் எழுதி ஒட்டிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் கொண்டுவர மீன்காரர் வைத்திருப்பதுபோன்ற சின்ன ரெஜிபோம் பெட்டி. ஐஸ் பக்கற்றைத் துவாயால் சுற்றி, பேனை ஐஸில் முட்டாமல் வைக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே ஒருபோதும் வைக்கவேண்டாம். ஊசிக்குள் இருக்கும் மருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கவேண்டும். கலங்கியிருந்தால் குத்தக்கூடாது.

குத்துவது பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஊசி 4 மில்லிமீற்றர் நீளம், கறிவேப்பிலை முறிக்கும்போது கீறுகிற அளவுகூட நோகாது. தொப்புளில் இருந்து தள்ளி வயிற்றில், அல்லது தொடையில், ஒவ்வொரு கிழமையும் இடம் மாற்றி. புதுப் பேனை என்றால் முதலில் நுனியில் ஒரு துளி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பொத்தானை அமத்தி, இலக்கம் பூச்சியத்துக்கு வந்தபின்னும் ஆறு வரை மெதுவாக எண்ணித்தான் எடுக்கவேண்டும். நான் முதல் தடவை உடனே இழுத்துவிட்டேன், தோலில் ஒரு துளி நின்றது. குத்தியதும் ஊசியைக் கழற்றி, மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போடுகிறேன். நிரம்பியதும் கிளினிக்கில் கொடுப்பேன். குப்பையோடு எரிப்பதோ புதைப்பதோ இல்லை. வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் வளவு.

கார்த்திகை வெள்ளத்தில் ஒருமுறை பஸ் ஓடவில்லை, புதுப் பேனை கைக்கு வர மூன்று நாள் பிந்தியது. ஒசெம்பிக் என்றால் 5 நாளுக்குள் ஞாபகம் வந்தவுடன் போடலாம். அதற்கு மேல் போனால் அந்தக் கிழமையை விட்டுவிட்டு வழமையான நாளில் போடவேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது. பல கிழமை தவறினால் பழைய அளவில் திரும்பத் தொடங்காமல் டொக்டரிடம் கேட்கவேண்டும், கீழே இருந்து ஏறவேண்டி வரலாம்.

சாப்பாடு. 0.5 க்கு ஏறிய முதல் கிழமையில் அம்மா இறால் பொரித்தார். நாலைந்து சாப்பிட்டேன், இரவு முழுக்கச் சத்தி. எண்ணெய், கொழுப்பு, பழைய பழக்கத்தில் நிரப்பிய கோப்பை, இவை மூன்றும்தான் என்னை வாட்டின. இப்போது சின்னக் கோப்பை. முதலில் மீன் அல்லது முட்டை அல்லது பயறு, பிறகு மரக்கறி, கடைசியில் புட்டோ சோறோ. காரணம் இருக்கிறது: குறைகிற எடை முழுவதும் கொழுப்பு இல்லை, தசையும் சேர்ந்து போகும். பிளேன்ரீயையும் பாணையும் மட்டும் சாப்பிட்டு மெலிந்தால் மிஞ்சுவது பலமில்லாத உடம்பு. கிழமையில் நாலு நாள் இரணைமடுக் குளக்கட்டில் நடக்கிறேன், வீட்டில் தண்ணீர்க் கானைத் தூக்கி இறக்குகிறேன்.

பசி இல்லாதபோது தாகமும் தெரிவதில்லை. வெயில் காலத்தில் இது பெரிய ஆபத்து. சத்தி, வயிற்றோட்டத்தோடு தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீரகம் பழுதாகும். மேசையில் போத்தல் வைத்து மணியடிக்கிற ஒவ்வொரு பாடத்துக்கும் குடிக்கிறேன், வீட்டில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனிக் கலவையான ஜீவனிப் பக்கற் எப்போதும் இருக்கும். மேல் வயிற்றில் விடாத கடும் வலி, முதுகுக்குப் பாய்ந்தால், சத்தியும் சேர்ந்தால், அது கணையமாக இருக்கலாம். விலாவுக்குக் கீழே வலது பக்கம் குத்தி, கண் மஞ்சளானால் பித்தப்பை. இரண்டுக்கும் அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. கசாயம் குடித்துப் பார்ப்போம் என்று விடியும்வரை இருக்கக்கூடாது.

நான் கொஞ்சம் மெலிந்ததும் கதை ஊரில் பரவியது. அடுத்த வளவுத் தங்கச்சி ஒருத்தி பின்னேரம் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம். "அக்கா, எனக்கும் ஒருக்கால் குத்திவிடுங்கோவன். லண்டனிலை இருக்கிற மச்சாள் 2.5 இலை தொடங்கச் சொன்னவா" என்றாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. மச்சாள் சொன்னது மௌஞ்சாரோ, வேறு மருந்து. அதன் தொடக்க அளவு 2.5. என்னுடையதின் தொடக்கம் 0.25. போனில் கேட்ட அந்த இலக்கம் என் மருந்தின் தொடக்க அளவைப்போலப் பத்து மடங்கு. ஊசியை மாற்றினாலும் ஒருவரின் பேனையை இன்னொருவர் பாவிக்கக்கூடாது. இரத்தத்தால் பரவும் நோய்கள் வரும். எல்லாவற்றையும் விட, அவள் பிள்ளைக்காகக் காத்திருப்பவள். கருத்தரிக்க எண்ணினால் செமகுளூரைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்தவேண்டும். மௌஞ்சாரோ கருத்தடைக் குளிசையின் பலனையும் குறைக்கலாம். அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து இதையெல்லாம் சொன்னேன். முகம் வாடித்தான் போனாள். பிறகு கிளினிக்குக்கு நானே கூட்டிப் போனேன். அவளுக்குத் தைரொயிட் குறைவு. அதற்குக் குளிசை தொடங்கியிருக்கிறார்கள்.

முகநூலில் "உடல் மெலிய ஊசி" என்று வரும் விளம்பரங்களையும் அவள் காட்டினாள். போலி ஒசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஆனியில் எச்சரிக்கை விட்டது. சில போலிகளில் இன்சுலின் இருக்கலாம் என்றும் சொன்னது. சீனி வருத்தம் இல்லாத ஒருவர் அதைக் குத்தினால் என்ன நடக்கும் என்று, 54 இல் நின்ற எனக்குத் தெரியும்.

பதினைந்து மாதத்தில் 92 இல் இருந்து 83 கிலோவுக்கு வந்திருக்கிறேன். தம்பிக்கு இது குறைவாகத் தெரிகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு எடை மெதுவாகத்தான் இறங்கும். 2.4 மில்லிகிராம் வரை ஏற்றிச் செய்த 68 கிழமை ஆய்வுகளில், சீனி இல்லாதவர்களுக்குச் சராசரி 15 வீதம் அளவில் குறைந்தது, சீனி உள்ளவர்களுக்குப் பத்து வீதத்துக்குச் சற்றுக் கீழே. நான் 1 மில்லிகிராமில் நிற்கிறேன், எனக்கு இது போதும். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் HbA1c சோதனை 9.1 வீதத்தில் இருந்து 6.8. மேல்மாடிக்கு ஏறி நேரே பாடம் தொடங்குகிறேன்.

காசைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. நாலு மாதம் போட்டுக் கல்யாணவீட்டுக்கு மெலிந்துவிட்டு விடுகிற மருந்து இல்லை இது. பிரசர்க் குளிசை மாதிரி நீண்ட கால மருந்து. கடன் வாங்கித் தொடங்கவேண்டாம். எவ்வளவு காலம் காசு கட்டமுடியும் என்று பார்த்து, டொக்டரோடு பேசித் தொடங்குங்கள்.

இந்த வருடம் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாளன்று, சந்தியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். அம்மா இரண்டு சிரட்டை வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். வயிறு நிறைந்துதான் இருந்தது. வேலியோரம் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணித்தியாலம் எடுத்துக் குடித்து முடித்தேன். அம்மா அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்றார். வெறும் சிரட்டையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வருகிற வியாழனோடு இந்தப் பேனை முடிகிறது. சனிக்கிழமை யாழ்ப்பாணம் போகிறேன். அம்மாவும் வருகிறார், அவருக்கும் கண் காட்டவேண்டும். ரெஜிபோம் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.